ஹோம்ஸின் முகம்: ஒரு ஜன்னல், ஒரு தொப்பி, ஒரு கோரைப்பல்

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் வரும் முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1888-இல் தனிப் புத்தகமாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் சார்ல்ஸ் டாய்ல். கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாய்லின் அப்பா. அப்போது அவர் ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸ் மனநல விடுதியில் இருந்தார். ஆறு கோட்டோவியங்கள் வரைந்து கொடுத்தார். அவற்றில் ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தாடி இருக்கிறது.

கதையில் தாடி கிடையாது. ஹோம்ஸின் முகவாய் முன்தள்ளிச் சதுரமாக இருந்தது, அதைப் பார்த்தாலே பிடிவாதக்காரர் என்று தெரியும் என்று கதையைச் சொல்லும் நண்பர் வாட்சன் இரண்டாவது அத்தியாயத்திலேயே எழுதிவிடுகிறார். தாடி வைத்தவரின் முகவாயைப் பற்றி யாரும் அப்படி எழுத முடியாது. பெற்றவரே மகன் எழுதியதற்கு மாறாக வரைந்திருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு அதே கதை ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வந்தபோது ஃப்ரிஸ்டன் என்ற ஓவியர் வேறொரு முகத்தை வரைந்திருந்தார். 1891-இல் ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பேஜெட் வந்தார். 1899-இல் அமெரிக்க மேடையில் வில்லியம் கில்லெட் வந்தார். 1903-இலிருந்து கோலியர்ஸ் இதழுக்கு வரைந்த ஃப்ரெடெரிக் டோர் ஸ்டீல் அந்தக் கில்லெட்டின் முகத்தையே எடுத்துக்கொண்டார். அப்புறம் சினிமா, தொலைக்காட்சி. இன்று நம் மனதில் இருப்பது இவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிய முகம்.

இந்தப் படங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நான்கு நாவல்களையும் 56 சிறுகதைகளையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டால் ஹோம்ஸ் எப்படி இருப்பார்? இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான்.

எந்தச் சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு

வர்ணனைகளைத் திரட்டிக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கூட்டினால் ஒன்றுக்கொன்று இடிக்கும். ஒரு கதையில் சிறிய கண், இன்னொன்றில் பெரிய கண். ஒரு இடத்தில் அமிலக் கறை படிந்த விரல், இன்னொரு இடத்தில் வெள்ளை விரல். அதனால் சாட்சிகளைத் தரம் பிரித்தே ஆகவேண்டும்.

முதல் தரம், கதையின் முடிச்சையே தாங்கி நிற்கும் தடயம். ஹோம்ஸுக்கு அந்த உடற்கூறு இல்லையென்றால் கதை நகராது என்ற நிலை. எழுத்தாளர் இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்க முடியாது. இரண்டாம் தரம், காட்சியில் இருக்கும் வேறொரு ஆள், அதிலும் கண் பழகிய ஆள், நேருக்கு நேராகச் சொல்வது. வாட்சனின் வர்ணனைகள் மூன்றாம் தரம். அவர் டாக்டர், ராணுவத்தில் இருந்தவர். கழுத்து நரம்பு, முன்கை என்று உறுப்பைப் பேர் சொல்லிப் பேசும்போது நம்பலாம். ஆனால் உவமை என்று வந்துவிட்டால் அவருக்குக் கட்டுப்பாடு கிடையாது. ஆசிரியர் பிற்காலத்தில் கதைக்கு வெளியே சொன்னது கடைசித் தரம். ஒத்துப்போனால் சேர்த்துக்கொள்ளலாம், தனியாக அதை நம்பி இறங்கக் கூடாது.

ஜன்னலும் உயரமும்

உயரத்துக்கு முதல் தரச் சாட்சியே இருக்கிறது. மூன்று மாணவர்கள் பற்றிய கதை, 1904-இல் வந்தது. ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆசிரியர் சோம்ஸின் மேஜையில் கிரேக்கத் தேர்வுத்தாளின் அச்சுப்படி கிடக்கிறது. யாரோ உள்ளே நுழைந்து நகல் எடுத்திருக்கிறார்கள். தாள் மேஜையில் இருப்பது அந்த ஆளுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். ஹோம்ஸ் அந்த ஜன்னலுக்குப் போய், கால்விரல்களில் எக்கி, கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். பின்னால் விளக்கும்போது, தன் உயரம் ஆறடி, தனக்கே சிரமப்பட்டுத்தான் தெரிந்தது, அதற்குக் குறைந்தவருக்கு வாய்ப்பே இல்லை என்கிறார். மூவரில் நெட்டையான மாணவன் மேல் சந்தேகம் திரும்புவது இந்த அளவை வைத்துத்தான்.

ஆனால் வாட்சன் முதல் நாவலில் ஆறடிக்குக் கொஞ்சம் மேலே என்கிறார். இந்த வித்தியாசத்தை எப்படித் தீர்ப்பது? வாட்சனே அதே வாக்கியத்தில் பதிலை வைத்திருக்கிறார்: அளவுக்கு மீறி ஒல்லியாக இருந்ததால் இன்னும் உயரமாகத் தெரிந்தாராம். ஆகவே வாட்சன் சொன்னது கண்ணளவு. ஹோம்ஸ் சொன்னது ஒரு துப்பை நிறுவுவதற்காகச் சொன்ன கணக்கு. காலடித் தடத்தின் இடைவெளியை வைத்து அடுத்தவர் உயரத்தைச் சொல்கிறவர் தன் உயரத்தைத் தப்பாகச் சொல்ல மாட்டார். ஆறடி, மிஞ்சினால் அரை அங்குலம் கூடுதல் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதுவே கூட்டத்தில் தலை தெரியும் உயரம்.

இதற்கு ஒத்தாசையாக இன்னொரு சாட்சி உண்டு. ரைகன்பாக் அருவியில் இறந்துபோனதாக நம்பப்பட்டவர் மூன்று ஆண்டு கழித்துக் கூன் விழுந்த கிழட்டுப் புத்தக வியாபாரியாகத் திரும்பி வருகிறார். வேஷத்தைக் கலைத்ததும் அவர் முனகுவது, நெட்டையான ஆள் மணிக்கணக்கில் ஒரு அடியைக் குறைத்துக்கொண்டு நிற்பது விளையாட்டில்லை என்று. நெருங்கிய நண்பரான வாட்சனே தெருவில் அவர்மேல் மோதி, புத்தகங்களைக் கீழே தள்ளி, அப்போதும் அடையாளம் தெரியாமல் நகர்ந்துவிடுகிறார். அந்த ஏமாற்று எடுபட வேண்டுமென்றால் உயரமும் ஒல்லியும்தான் அவருடைய முதல் அடையாளமாக இருந்திருக்க வேண்டும்.

ஒல்லி என்றவுடன் நோஞ்சான் என்று நினைத்துவிடக் கூடாது. பாம்புக் கதையில் டாக்டர் ராய்லட் கோபத்தோடு வந்து, கணப்படுப்பு கிளறும் எஃகுக் கம்பியை வளைத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ஹோம்ஸ் அதை எடுத்து ஒரே மூச்சில் நிமிர்த்திவிடுகிறார். வளைந்ததை நேராக்குவது வளைப்பதைவிடக் கடினம் என்பது கம்பி வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பார்த்தோலமியு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகக் கைகுலுக்கியபோதே, இந்த உடம்பில் இவ்வளவு பிடி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று வாட்சன் எழுதுகிறார். தன் எடைப் பிரிவில் நல்ல குத்துச்சண்டைக்காரர் என்ற சான்றும் இருக்கிறது. ஆக இது நரம்பும் தசைநாரும் முறுக்கேறிய ஒல்லி.

மண்டை: மூன்று சாட்சிகள்

வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹோம்ஸின் தலையைப் பற்றி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன.

முதலாவது டாக்டர் மார்ட்டிமர். பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் ஆலோசனை கேட்க வந்தவர், வந்த காரியத்தை விட்டுவிட்டு ஹோம்ஸின் மண்டையை ரசிக்க ஆரம்பிக்கிறார். இவ்வளவு நீள்மண்டையை எதிர்பார்க்கவில்லை, கண்ணுக்கு மேலே புருவ எலும்பு இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை, மண்டையோட்டின் இணைப்பை விரலால் தடவிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். அசல் கிடைக்கும்வரை ஒரு வார்ப்பு எடுத்து வைத்தால் எந்த மானிடவியல் அருங்காட்சியகத்துக்கும் அழகு சேர்க்கும் என்கிறார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் மார்ட்டிமர் மண்டையோடு பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர். அவருடைய கணக்கில் நீள்மண்டை என்றால் காதுக்குக் காது அகலம், முன்பின் நீளத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. மேலிருந்து பார்த்தால் குறுகலான, நீண்ட தலை.

இரண்டாவது ஹோம்ஸின் பரம எதிரி, பேராசிரியர் மோரியார்ட்டி. 1891 ஏப்ரலில் ஹோம்ஸின் பேக்கர் தெரு அறைக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, உன் நெற்றி நான் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லையே என்பது. எதிரி என்பதால் இதைத் தள்ளிவிடலாமா? எனக்குத் தோன்றுவது வேறு. இந்தச் சந்திப்பில் வாட்சன் இல்லை. நமக்கு இதைச் சொல்வது ஹோம்ஸே. தன்னைக் குறைத்துப் பேசியதை அவரே வாய்விட்டுச் சொல்கிறார் என்றால், அப்படி ஒரு வார்த்தை வந்ததைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் மோரியார்ட்டி எதை அளவுகோலாக வைத்துச் சொன்னார் என்று கேட்கவேண்டும். அதே காட்சியில் ஹோம்ஸ் தரும் வர்ணனையில் மோரியார்ட்டியின் நெற்றி வெள்ளையாகக் கும்மட்டம்போலப் புடைத்து நிற்கிறது. தன் கண்ணாடியைத் தினமும் பார்த்துப் பழகியவருக்கு வேறு எந்த நெற்றியும் குறைவாகத்தான் தெரியும்.

மூன்றாவது சாட்சி பேசாது. 1892 ஜனவரியில் வந்த நீலக்கல் கதையில் வரும் தொப்பி அது. தெருச் சண்டையில் ஹென்றி பேக்கர் என்பவர் விட்டுப்போன பழைய தொப்பியை வைத்துக்கொண்டு, இவர் அறிவாளி என்கிறார் ஹோம்ஸ். எப்படி என்று வாட்சன் கேட்க, பதிலாக அந்தத் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்காட்டுகிறார். அது நெற்றியைத் தாண்டி இறங்கி மூக்குத்தண்டில் வந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய மூளை வைத்திருப்பவருக்கு உள்ளே ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்கிறார்.

அந்தக் கணத்தில் தன் வாதம் தன் மேலேயே பாய்வதை ஹோம்ஸ் கவனித்ததாகத் தெரியவில்லை. தொப்பி அளவை வைத்துப் புத்தியை அளப்பது அந்த நூற்றாண்டின் மூடநம்பிக்கை, அது இருக்கட்டும். நமக்கு வேண்டியது அளவு. தொப்பி மூக்குவரை இறங்குகிறது என்றால் பேக்கரின் தலைச்சுற்றளவு ஹோம்ஸுடையதைவிட நன்றாகவே பெரிது. ஹோம்ஸின் தலை சிறியது என்று இதை வைத்து எழுதியவர்களும் உண்டு. அவசர முடிவு அது. சில பக்கம் தள்ளி பேக்கர் நேரில் வரும்போது, பருத்த தலை, அகன்ற முகம் என்று வாட்சன் எழுதுகிறார். பெருந்தலைக்காரரின் தொப்பி யாருக்குத்தான் சரியாக உட்காரும்?

இப்போது மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் குறுகிய தலை என்பதால் பெரிய தொப்பி இறங்குகிறது. புருவ எலும்பு முன்துருத்தி நிற்பதால் அதற்கு மேலே உள்ள நெற்றி பின்வாங்கியதாகத் தெரிகிறது. கும்மட்ட நெற்றிக்காரரின் கண்ணுக்கு அது வளர்ச்சிக் குறைவு. மார்ட்டிமர் வியந்ததும் மோரியார்ட்டி இளக்காரம் செய்ததும் ஒரே எலும்பைத்தான். தொப்பி சரியாக மூக்குத்தண்டில் தடுக்கி நிற்பது மேலதிகத் தகவல்: மூக்கு அடியிலிருந்தே உயர்ந்து எழும்பியிருக்கிறது, சப்பை மூக்கில் அது நிற்காது.

பேஜெட்டின் படங்களில் முடி பின்வாங்கி, நெற்றி அகன்று, ஒரு பேராசிரியர் களை இருக்கிறது. அறிவாளி என்றால் நெற்றி பெரிதாக இருக்கவேண்டும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை ஓவியரின் கையிலும் ஏறியிருக்கிறது. கதையில் மூன்று சாட்சிகளும் அதற்கு எதிராக நிற்கின்றன.

கண்

கண்ணின் நிறத்தில் சிக்கல் இல்லை. சாம்பல். மூன்று கேரிடெப்கள் கதையில் அவருடைய கண்டிப்பான சாம்பல் நிறக் கண்களில் ஒரு குறும்பு தெரிந்தது என்று வாட்சன் எழுதுகிறார். அண்ணன் மைக்ராஃப்டுக்கும் வெளிறிய சாம்பல் நிறக் கண்தான் என்பது குடும்பச் சான்று.

அளவில்தான் தகராறு. 1890-இல் வந்த 'த சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் ஒரு காட்சி. லண்டன் நார்வுட்டில் உள்ள வீடு. பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். (நம்மூர்ப் பெயர் அங்கே போய் உட்கார்ந்தது, இந்தியாவில் பணம் சேர்த்துத் திரும்பிய ஒரு மேஜரின் வேலை.) அங்கே கொலை நடந்த அறையில் ஹோம்ஸ் பூதக்கண்ணாடியும் அளவு நாடாவுமாக முழங்காலிட்டுத் தவழ்கிறார். நீண்ட மெல்லிய மூக்கு தரைப்பலகைக்குச் சில அங்குலம் மேலே. மணிமணியான சிறு கண்கள் பறவையின் கண்போல உள்வாங்கி மின்னுகின்றன. உள்வாங்கிய கண் என்பது துருத்திய புருவ எலும்புக்குப் பொருந்துகிறது. சிறிய கண் என்பதும் இங்கேதான் கிடைக்கிறது.

எதிர்சாட்சி வீட்டுக்கார அம்மா ஹட்சன். 1913-இல் வந்த கதையில், ஹோம்ஸ் சாகக் கிடக்கிறார் என்று வாட்சனிடம் ஓடி வந்து, முகத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, பெரிய பளபளக்கும் கண்களால் தன்னைப் பார்த்தார் என்று அழுகிறார். வருடக்கணக்காகச் சாப்பாடு போட்ட பெண்மணி. அவர் சாட்சியை எப்படித் தள்ளுவது?

தள்ளவே வேண்டாம். அந்தக் கதையின் கடைசியில் ஹோம்ஸ் தன் நோய் வேஷத்தின் கைச்சரக்கைச் சொல்கிறார். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லை. நெற்றியில் வாசலின், கன்ன எலும்பில் சிவப்புச் சாயம், உதட்டோரம் தேன்மெழுகுப் பொருக்கு. கண்ணில் பெல்லடோனா. அது கண்மணியை விரிக்கும் மருந்து. விரிந்த கண்மணியில் சாம்பல் நிறம் ஒதுங்கிக் கறுப்புப் பெருகும், கண் பெரிதாகப் பளபளக்கும். ஹட்சன் அம்மா பார்த்தது உண்மை. அது ஹோம்ஸின் கண்ணே அல்ல என்பதும் உண்மை. இயல்பில் சிறிய கண் இருந்தவருக்குத்தான் இந்த மாற்றம் இப்படித் திடுக்கிட வைத்திருக்கும்.

பக்கத் தோற்றம்

மூக்கு பற்றி விவாதமே இல்லை. மெல்லிய, பருந்து மூக்கு. முதல் நாவலிலிருந்து கடைசிவரை வாட்சன் இதில் மாறவில்லை. செந்தலையர் கழகக் கதையில் ஹோம்ஸ் நாற்காலியில் முழங்காலை மூக்குவரை மடக்கிக்கொண்டு உட்கார, வாயிலிருந்த கறுப்புக் களிமண் பைப் ஏதோ பறவையின் அலகுபோல நீட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத் தோற்றத்துக்கும் முதல் தரச் சாட்சி உண்டு. ஹோம்ஸ் திரும்பி வரும் அதே கதையில், க்ரெனோபிள் ஊர்க்காரர் ஆஸ்கர் மெனியே செய்த மெழுகுச் சிலை ஜன்னல் திரைக்குப் பின்னால் வைக்கப்படுகிறது. தெருவில் நின்று பார்த்தால் கறுப்பு நிழல் மட்டும் தெரியும். தலை நிமிர்ந்திருக்கும் பாங்கு, சதுரமான தோள், கூரான முகம் என்று வாட்சன் மூன்றைச் சொல்கிறார். இந்திய ராணுவத்தில் புலி வேட்டைக்குப் பேர்போன கர்னல் மோரன் எதிர்வீட்டிலிருந்து குறிபார்த்து அந்தச் சிலையின் தலையில் சுடுகிறார். நிறமும் கண்ணும் முடியும் எதுவும் தெரியாத வெறும் நிழலை வைத்து ஒரு கைதேர்ந்த வேட்டைக்காரர் ஆளை நிச்சயப்படுத்திக்கொண்டார் என்றால், அந்த விளிம்புக்கோடு லண்டனில் வேறு யாருக்கும் இல்லாத ஒன்றாக இருந்திருக்க வேண்டும். தோள் சதுரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் பல ஹோம்ஸ்கள் சிந்தனையாளர் பாவனைக்காகத் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். கூன் தோள் மோரியார்ட்டியுடைய அடையாளம்.

முடி நிறம் இன்னும் திறந்திருக்கும் கேள்வி. பாஸ்கோம் பள்ளத்தாக்கில் துப்புத் தேடும்போது அவருடைய புருவங்கள் இரண்டு கறுத்த கடினமான கோடுகளாக இறுகின, கழுத்தில் நரம்பு சாட்டைக் கயிறுபோலப் புடைத்தது என்று வாட்சன் எழுதுகிறார். புருவம் கறுப்பு என்றால் முடியும் கறுப்பாகவே இருக்கும் என்பது நியாயமான ஊகம். ஆனால் கோபத்தில் நெற்றி சுருங்கியதைத்தான் அவர் கறுத்த கோடு என்றாரோ என்னவோ. இதை மூன்றாம் தரத்துக்கு மேலே ஏற்ற மாட்டேன்.

கையும் காயமும்

விரல்கள் நீண்டு மெலிந்தவை. 1881-இல் நடக்கும் முதல் நாவலில் அமிலக் கறையும், விஷத்தோடு புழங்குவதால் ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரித் துண்டுகளுமாக இருக்கிற கை, சில ஆண்டு கழித்து 'த சைன் ஆஃப் ஃபோர்' தொடங்கும்போது வெள்ளை விரல்களோடு ஊசி மருந்துக் குழாயைப் பிடிக்கிறது. இதை முரண்பாடு என்கிறார்கள். வழக்கில்லாமல் ஆய்வுக்கூடமும் இல்லாமல் சோம்பிக் கிடந்தவரின் கை வெளுத்திருப்பதில் என்ன முரண்? அந்தக் காட்சியிலேயே முன்கை முழுவதும் ஊசித் தழும்பு என்ற கசப்பான தகவலும் வருகிறது.

ஓவியர்களும் நடிகர்களும் ஒருவர் விடாமல் கோட்டைவிட்டது பல். பிடிபட்ட மோரனைப் பற்றிப் பேசும்போது ஹோம்ஸ் தன் குற்றவாளிப் பட்டியலைப் புரட்டுகிறார். அதில் மேத்யூஸ் என்றொருவன்; சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் தன் இடது கோரைப்பல்லை உடைத்தவன் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். செயற்கைப் பல் கட்டிக்கொண்டாரா என்று கதை சொல்லவில்லை. வேஷம் போடுகிறவருக்கு ஒரு பல் இடைவெளி இருப்பது வசதியும்தான், ஆபத்தும்தான். 1902-இல் நடக்கும் ஒரு வழக்கில் கஃபே ராயல் வாசலில் தடியடி பட்டு உச்சந்தலையில் இரண்டு கிழிசல்கள் வேறு. நடுத்தர வயதில் இந்த மனிதர் சட்டையும் காலரும் கசங்காமல், மூர்க்கமாக அடிபட்ட குத்துச்சண்டைக்காரரைப்போல இருந்திருப்பார்.

வயதை ஒரு வரியில் முடிக்கலாம். 1914 ஆகஸ்டில் நடக்கும் கதையில் அவருக்கு அறுபது. ஆகவே 1854 வாக்கில் பிறந்தவர், வாட்சன் முதலில் பார்த்தபோது 27.

உடையிலும் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை. காது மூடும் பயணத் தொப்பி, ஒட்டிய துணித் தொப்பி, நீண்ட சாம்பல் நிறப் பயண அங்கி என்று கதையில் வருவதெல்லாம் லண்டனுக்கு வெளியே ரயிலேறும்போதுதான். மான் வேட்டைத் தொப்பியாக அதை ஆக்கியது பேஜெட். வளைந்த பைப் கில்லெட் மேடையில் பிடித்தது. கதையில் களிமண் பைப்பும் பழைய பிரையர் பைப்பும், வாதம் செய்யத் தோன்றும்போது நீண்ட செர்ரிமரப் பைப்பும் உண்டு. வீட்டு அங்கி ஒரு கதையில் ஊதா, இன்னொன்றில் நீலம், வேறொன்றில் எலி நிறம். மூன்று அங்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அழகரா?

இந்தத் தடயங்களை வைத்துக் கட்டினால் கிடைப்பது: குறுகிய நீள்மண்டை, துருத்திய புருவ எலும்பு, அதற்கடியில் உள்வாங்கிய சிறிய சாம்பல் நிறக் கண், கத்தி மூக்கு, சதுர முகவாய், வெளிறிய தோல், ஒரு பல் குறைச்சல். பேஜெட் வரைந்த கனவான் இவர் இல்லை.

ஆசிரியரும் இதையே சொல்கிறார். 1924-இல் வந்த தன் வரலாற்றில், தான் கற்பனை செய்த ஹோம்ஸுக்குச் சவரக்கத்தி போன்ற முகம், பெரிய பருந்து மூக்கு, அதன் இரு பக்கமும் நெருங்கி அமைந்த சிறிய கண்கள் என்று டாய்ல் எழுதுகிறார். ஆனால் பேஜெட் தன் தம்பியை மாதிரியாக வைத்து வரைந்ததால் வலிமையும் அழகின்மையும் கொண்ட ஹோம்ஸின் இடத்தில் அழகர் வந்துவிட்டார், பெண் வாசகர்களுக்கு அதுவே நல்லதாகவும் போயிற்று என்கிறார். தம்பி வால்டர்தான் மாதிரி என்பதைப் பேஜெட் குடும்பம் பின்னால் மறுத்தது. அது எப்படியோ போகட்டும். 1924-இன் நினைவை மட்டும் நம்பவேண்டியதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். சிறிய, உள்வாங்கிய கண் 1890-லேயே அச்சில் இருக்கிறது. பேஜெட் ஹோம்ஸை வரையத் தொடங்கியது 1891-இல். நெருங்கி அமைந்த கண் என்பதை வாட்சன் எங்கும் எழுதவில்லை. ஆனால் குறுகிய மண்டையில் கண்கள் நெருங்கி இருப்பது இயல்பு என்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு வலுவான சாட்சி உண்டு. மில்வர்ட்டன் என்ற மிரட்டல்காரனின் வீட்டுக்குள் நுழைய வழி தேடி, ஹோம்ஸ் எஸ்காட் என்ற பிளம்பராக வேஷம் போட்டு, சில நாட்களுக்குள் அந்த வீட்டு வேலைக்காரப் பெண் அகதாவோடு கல்யாணம் நிச்சயம் செய்துகொள்கிறார். இவ்வளவு அவலட்சணமான ஆளுக்கு அது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். இது கதையின் முடிச்சைத் தாங்கும் தடயம், அதனால் முதல் தரம்; ஒதுக்க முடியாது. ஆனால் பிளம்பருக்குக் குறுந்தாடி இருந்தது, முகவாய் மறைந்துவிட்டது. தொழிலும் வளர்ந்து வருகிற தொழில். தினமும் சாயங்காலம் அவளோடு நடந்ததையும் பேசியதையும் சொல்லும்போது, அந்தப் பேச்சுகளை நினைத்து ஹோம்ஸே தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அலுத்துக்கொள்கிறார். ஆக வேலை செய்தது வாய்தான், முகமில்லை. அவளை நட்டாற்றில் விடுகிறீர்களே என்று வாட்சன் பதறும்போது அவர் தரும் சமாதானமும் அதையே சொல்கிறது: போட்டிக்கு ஒருவன் இருக்கிறான், நான் முதுகைத் திருப்பியதும் அவன் முந்திக்கொள்வான்.